அவரைவிட அதிக நாள்

தாராபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே எனக்கு உதாரணமாக இருக்கும் வேலை. பகல் இரண்டு மணிக்குப் போய்க் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். மாணவர்கள் என்னைவிட மெதுவாக நடக்கவும், என்னைவிட மென்மையாகப் பேசவும், என்னைவிட அடிக்கடி சிரிக்கவும் ஆங்கிலத்தில் கற்றுக்கொள்வார்கள். நான்கு மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மற்ற நிலையங்களில் இதைப் புத்தகத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றுகிறார்கள். "டு வாக் மோர் ஸ்லோலி" என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். யாரைவிட மெதுவாக என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. எங்கள் நல்லசிவம் சார் அப்படிப்பட்டவர் இல்லை. முன்னால் ஓர் ஆளை உட்கார வைக்காமல் ஒப்பிடவே கூடாது என்பது அவர் கொள்கை. ஏழு வருடமாக அந்த ஆள் நான்தான்.

புத்தகத்தில் என் பெயர் "ஹிம்". மாணவர்கள் மரியாதை தெரிந்தவர்கள், தமிழில் பேசும்போது "அவர்" என்பார்கள். என் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் முதல் வரியில் மட்டும் இருக்கிறது.

வேலைக்கு ஒரே விதி. உதாரணம் மாறக்கூடாது.

மூன்றாம் பாடம் நடை. நான் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பதினான்கு விநாடியில் நடந்தேன். மாணவர்கள் பதினைந்து விநாடி எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அதைவிட மெதுவாக என்னால் நடக்க முடியாது. கோயிலைச் சுற்றும்போது என் மனைவி துளசிமணி பின்தங்கிவிடுவாள். நான் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி வந்து அவளைப் பிடிப்பேன்.

எட்டாம் பாடம் கைதட்டல். எல்லோரும் என்னைவிட அதிக நேரம் தட்ட வேண்டும். ஆகவே எங்கே கைதட்டினாலும் நான்தான் முதலில் நிறுத்துவேன். அகரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என் சொந்த மகள் பரிசு வாங்கியபோதும் அப்படித்தான். பொறாமை பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன்.

பன்னிரண்டாம் பாடத்துக்குப் பிறகு ரகசியம் பேச முடியாமல் போயிற்று. மாணவர்கள் பேசிய குரல் எனக்குக் கீழே இருந்தது, நான் அதற்கு மேலே நின்றுவிட்டேன். துளசிமணியின் காதில் எதையாவது சொன்னால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும்.

இருபதாம் பாடம் சிரிப்பு. எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு. பெரும்பாலும் அந்த இரண்டும் வகுப்பிலேயே செலவாகிவிடும். துளசிமணி சாயங்காலம் பால் சொசைட்டியில் நடந்ததையெல்லாம் சொல்லுவாள். செயலாளர் அளவு ஜாடியைத் தேடிக் கடைசியில் தன் கையிலேயே கண்டுபிடித்த கதையை அவள் நடித்தே காட்டினாள். நான் சுவரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தேன். நல்லாயில்லீங்களா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்தொன்றாம் பாடம் நினைவு. நான் முக்காலியில் இருந்தபடி என் கல்யாணத்தை நினைத்துக்கொள்ள வேண்டும், மாணவர்கள் அதை என்னைவிடத் தெளிவாக நினைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் தேறினார்கள். அதன் பிறகு என் கல்யாணம் எனக்கு மங்கலாகிவிட்டது. துளசிமணி என்ன சேலை கட்டியிருந்தாள் என்பதை வகுப்பில் படிக்கும் ஜெனிட்டா என்கிற நர்ஸ் பெண்ணிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"மாம்பழக் கலருங்க. பச்சைக் கரை. வலது தோள்ல மஞ்சத் தண்ணி பட்டிருந்துச்சு."

நான் அதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு ஏன் இருந்தேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் துளசிமணியின் அண்ணன் மகன் வரவேற்பு திருப்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அதிகாரிகள் முன்வரிசையில் இருந்ததால் ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல ஆசைப்பட்டேன். பாதியில் அது முறிந்துவிட்டது. மண்டபமே சிரித்தது, பந்தி பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்காதவள் துளசிமணி ஒருத்திதான். திரும்பும்போது பஸ்ஸில் அவள், ஒரு நாள் தப்பில்லாமல் சொல்லுவீங்க என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால் உதாரணம் படிக்கக்கூடாது என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். படித்தால் மாறிவிடுவேனாம்.

பழைய புத்தகத்தில் முப்பத்தொன்பது பாடம். இந்த வருடம் புதுப் புத்தகம் வந்தது. அதில் நாற்பது.

திங்கட்கிழமை நல்லசிவம் சார் பலகையில் நாற்பதாம் பாடத்தை எழுதினார். "டு லிவ் லாங்கர் தேன் ஹிம்." என்னைவிட அதிக நாள் வாழ. அதன் கீழே வியாழன், மூன்று மணி என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

முப்பத்தொரு மாணவர்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். ஜெனிட்டா எழுந்து வந்து முக்காலிக்குக் கீழே ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனாள்.

வகுப்பு முடிந்ததும் நான் சாரிடம் போனேன்.

"இதை எப்படிங்க சரி பார்ப்பீங்க?"

"வருகைப் பதிவேட்டுலதான். உங்க பேருக்கு நேரா மொதல்ல ஆப்சென்ட் விழும். மத்தவங்களுக்கு விழாது. அவ்வளவுதானுங்க."

"எத்தனை நாள்லங்க?"

"பாடம் ஒரு மணி நேரந்தானுங்களே."

அவர் சாக்பீஸைத் துடைத்து டப்பாவில் வைத்தார். யாராவது வாக்கியத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒருவர் தப்பாகச் சொன்னாலும் பாடம் நின்றுவிடும், அடுத்த நாள் முதலிலிருந்து நடத்த வேண்டும் என்றார். ஆனால் தன் மாணவர்கள் யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள் என்று ஆறுதலாகச் சொன்னார்.

எனக்குப் பயமாக இருந்தது. வாழைப்பழத்தைத் தின்னவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் மனமில்லை.

செவ்வாய்க்கிழமை விலகிவிடலாம் என்று அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். அலுவலகம் அதே மாடியில் வராந்தாவின் கோடியில் இருக்கிறது. நான் நடக்க ஆரம்பித்தபோது நான்கு கதவுகள் இருந்தன. ஆறாவது கதவைத் தாண்டிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பொறுமையாகக் காத்திருக்கும் பாடத்துக்காக வராந்தாவை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், வேலை முடிந்தும் அதைத் திரும்பச் சுருக்கவில்லை. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் மாணவர்கள் நாற்பதாம் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். டு லிவ் லாங்கர் தேன் ஹிம். டு லிவ் லாங்கர் தேன் ஹிம். பதினான்கு விநாடி வேகத்தில் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அலுவலகத்தில் கோமளா என்கிற அம்மாள் படிவங்களை ஊசி நூலால் தைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்றேன். அவர் தலை நிமிராமல் ஒரு படிவத்தைத் தள்ளினார்.

முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்கு மேலே பெயர், உறவுமுறை என்று மட்டும் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. வங்கி, கேஸ், ஆயுள் காப்பீடு, கூட்டுறவுச் சங்கம் என்று என் ஆயுளில் எத்தனையோ படிவம் பார்த்தாகிவிட்டது. என் பெயருக்குக் கீழே பெயர், உறவுமுறை என்று ஒரு கட்டம் வந்தால் அது நாமினி. கை தானாக எழுதியது. துளசிமணி, மனைவி.

கோமளா முத்திரை குத்தினார். பிறகுதான் படித்தார்.

"அப்ப வியாழக்கெழமை இவங்க வருவாங்க."

"எதுக்குங்க?"

"நீங்க முன்னாடி போறீங்கல்ல. யாரை விட முன்னாடின்னு ஒரு பேர் வேணுமுங்க. பின்னாடி நிக்கறவங்கதான் முக்காலியில உட்காரணும்."

"அது நாமினிங்கம்மா."

"இங்க நாமினி கெடையாதுங்க."

படிவத்தைத் திரும்பக் கேட்டேன். அதை அவர் ஏற்கெனவே மற்றவற்றோடு சேர்த்துத் தைத்துவிட்டார். கடைசி வரியை விரலால் காட்டினார். விலகும் உதாரணம், வியாழன் இரண்டு மணி முதல் மாணவராகக் கருதப்படுவார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். அதுவும் என் வேட்டியாக இருந்திருந்தால் பரவாயில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது நிலையத்தின் அழைப்புக் கடிதம் எனக்கு முன்னால் வந்திருந்தது. துளசிமணி அதை சாமி படத்துக்குக் கீழே வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். பீரோவைத் திறந்துபோட்டுச் சேலை தேடிக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக நான் போகும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது.

போக வேண்டாம் என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

"உட்கார்ந்திருக்கற வேலைதானுங்க? நீங்க ஏழு வருசம் உட்கார்ந்தீங்க. என்ன கெட்டுப் போச்சு?"

என்ன கெட்டுப்போனது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். கோயில், கைதட்டல், அளவு ஜாடி, மஞ்சத் தண்ணி என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நேராக நாற்பதாம் பாடத்துக்குப் போய்விட்டேன். அதில் உட்காருகிறவளைவிட மற்ற எல்லோரும் அதிக நாள் இருப்பார்கள், நான் உட்பட, என்று சத்தமாகச் சொன்னேன். தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

துளசிமணி பீரோவிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன்.

"அதைத்தானுங்க நான் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் மாரியாத்தாகிட்ட கேட்டுக்கிட்டிருக்கறேன். பூவும் பொட்டுமா உங்களுக்கு முன்னாடி போயிரணும்னு. கும்புட்டதை வேண்டாம்னு சொல்றதுங்களா?"

அவள் அம்மா அப்படிக் கும்பிட்டவள், என் அம்மாவும் அப்படிக் கும்பிட்டவள். ஊரில் எந்தப் பெண்ணும் வேறு மாதிரிக் கும்பிட்டு நான் கேட்டதில்லை. சாமிக்குச் சொன்னதும் நல்லசிவம் சார் எழுதியதும் ஒரே வாக்கியமாக இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. மாரியாத்தா மேலும் வந்தது. பிறகு அழுகை வந்தது, அதற்கு அளவு எதுவும் வைக்கப்படாததால் நிறைய அழுதேன்.

புதன்கிழமை மறுபடியும் வராந்தாவில் நடந்தேன். அலுவலகம் இருந்த இடத்தில் ஒரு குடிதண்ணீர் டிரம் இருந்தது. மூடியின் மேல் கோமளாவின் மூக்குக்கண்ணாடியும் ஊசி குத்திய நூல் உருண்டையும் இருந்தன. டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்து யாரோ, வியாழக்கிழமை வாங்க என்றார்கள்.

திரும்பி வரும்போதுதான் எனக்கு அது தோன்றியது. நானும் இனி மாணவன். ஒருவர் தப்பாகச் சொன்னாலும் பாடம் நின்றுவிடும். வியாழக்கிழமை நான் தப்பாகச் சொல்லுவேன். வெள்ளிக்கிழமையும் சொல்லுவேன். ஒரு சொல்லை விழுங்கினால் போதும், இல்லையென்றால் திருப்பூரில் முறிந்த இடத்திலேயே மறுபடி முறித்துவிடலாம். நான் தப்பாகச் சொல்லுகிற வரைக்கும் துளசிமணிக்கு ஒன்றும் ஆகாது. உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஆங்கிலம் தப்பான ஆங்கிலம்தான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாக வீட்டுக்கு நடந்தேன்.

வியாழக்கிழமை இருவரும் ஒன்றாகப் படியேறினோம். துளசிமணி மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாள். சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துச் சரி பார்த்துக்கொண்டேன். கரை பச்சைதான்.

சரியாக இரண்டு மணிக்கு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் கடைசி பெஞ்சில் ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனேயே எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. கல்யாணப் பந்தலின் கீற்று வாசனை வந்தது. மஞ்சத் தண்ணியை ஊற்றியது அவள் சித்தி மகள் என்பது வந்தது. நான் தாலி கட்டும்போது அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தோளைக் குலுக்கினாள். இவ்வளவும் என்னிடம் இருந்திருக்கிறது.

துளசிமணி முக்காலியிலிருந்து குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடினாள்.

"ஏனுங்க, இது எப்ப எடுத்த சேலைங்க?"

அவள் மெதுவாகத்தான் கேட்க நினைத்தாள். முப்பத்தொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான், கல்யாணச் சேலை என்று உதட்டை அசைத்தேன். என் குரல் இப்போது எவ்வளவு கீழே வேண்டுமானாலும் போயிற்று. அது அவளுக்குக் கேட்கவில்லை.

நல்லசிவம் சார் பதிவேட்டைத் திறந்தார். முதல் வரியில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதினார். என் பெயரைக் கடைசியில் சேர்த்து முப்பத்திரண்டு என்று எண் போட்டார். புத்தகத்தில் "ஹிம்" இருந்த இடமெல்லாம் "ஹெர்" என்று திருத்திக்கொள்ளச் சொன்னார். பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு அவர் மர ஸ்கேலால் பலகையைத் தட்டினார். முன் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

டு லிவ் லாங்கர் தேன் ஹெர். சரி, உட்காருங்க.

டு லிவ் லாங்கர் தேன் ஹெர். சரி, உட்காருங்க.

சுவர்க் கடிகாரம் மூன்றிலேயே நின்றிருந்தது. ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் துளசிமணி அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தாள். இரண்டு முறைதான் சிரித்தாள். மூன்றாவது ஆளுக்கு அவள் உதடு நகரவில்லை. ஏன் என்று புரியாமல் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஜெனிட்டா எழுந்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. சரி, உட்காருங்க.

என் முறை வந்தது. நான் எழுந்து நின்றேன். எதை விழுங்குவது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். நடுச் சொல். நடுச் சொல்லை விட்டுவிட்டு இரு பக்கத்தையும் சொல்லிவிட்டால் சார் ஸ்கேலைக் கீழே வைத்துவிடுவார், நாங்கள் இருவரும் பேருந்து நிலையத்தில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

துளசிமணி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திருப்பூர் மண்டபத்தில் பார்த்த அதே மாதிரி என்னைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. தப்பில்லாமச் சொல்லுங்க."

வகுப்பு முழுவதும் கேட்டது. பேருந்து நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் தப்பாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான்கு நாளாக அந்த வாக்கியத்தை எல்லாக் கதவுக்குப் பின்னாலிருந்தும் கேட்டிருக்கிறேன். படிக்கட்டில் கேட்டேன், வராந்தாவில் கேட்டேன், பல் துலக்கும்போதுகூட அதுதான் காதில் ஓடியது. கடைசிச் சொல் மாறிய பிறகும் முப்பத்தொரு தடவை கேட்டுவிட்டேன். நடுச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நடுச் சொல்லைத் தாண்டியிருந்தேன். எங்கேயும் முறியவில்லை. வாழ்க்கையில் நான் ஆங்கிலத்தில் அவ்வளவு நன்றாக எதையும் சொன்னதில்லை.

"ரொம்பச் சரி," என்றார் நல்லசிவம் சார். "உட்காருங்க."

வகுப்பு கைதட்டியது. ஜெனிட்டா தட்டினாள், சார் ஸ்கேலை இடுக்கிக்கொண்டு தட்டினார். துளசிமணிக்குக் கண்கள் மலர்ந்திருந்தன. முக்காலியிலிருந்து பாதி எழுந்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி எனக்காகத் தட்டினாள்.

அவள்தான் முதலில் நிறுத்தினாள்.